உப்புக்காற்றில் பிஸ்டல்: உறையும் சைட்டும் பார்த்து வாங்குவது எப்படி

போன தேர்தலுக்கு முன்னால், லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நானும் என் .32 (குழலின் உள்விட்டம் அங்குலக் கணக்கில்) பிஸ்டலைத் துடைத்து, எண்ணெய் போட்டு, தோல் உறையில் செருகி அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன். திரும்ப வாங்கும்போது இரண்டு மாதம் தாண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து உருவிப் பார்த்தால், உறையின் தையல் எந்த வழியில் ஓடுகிறதோ அதே வழியில் ஸ்லைடு மேல், அதாவது பிஸ்டலின் மேல்பக்கம் முன்பின் நகரும் இரும்பின் மேல், செம்பழுப்பாகத் துரு. குறிபார்க்கும் பின்சைட்டின் பள்ளத்தில் தோல் தூசி அடைத்து, வெளிச்சமே தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் பட்டாளத்தில் ஆயுதம் துடைத்தவன் நான். தோலுக்குள் வைத்துக் கொடுத்திருக்கவே கூடாது.

மண்டபத்தில் மச்சானும் நானும் ஐஸ் ஃபேக்டரி நடத்துகிறோம். வாரத்தில் இரண்டு நாள் வசூல் பணத்தோடு உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம் பேங்குக்கு பைக்கில் போக வேண்டும். அதற்காக வாங்கிய லைசென்ஸ் இது. நம் மாவட்டத்தில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் நிறைய. புதிதாக லைசென்ஸ் கிடைத்தவர்கள் என்னிடம் எந்தத் துப்பாக்கி நல்லது என்றுதான் கேட்கிறார்கள். 9 எம்.எம். தடை செய்யப்பட்ட ரகம் என்பதால் நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது .32தான். இசாப்பூர் ஃபேக்டரியின் அஷானி பிஸ்டலோ வேறொன்றோ, அதில் பெரிய குழப்பம் இல்லை. உறையில்தான் தப்பு செய்கிறார்கள்.

முதலில் சட்டம். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உடம்போடு சேர்த்த உறையிலோ அதற்கேற்ற பையிலோ வைத்து, முழுவதும் மூடி, நம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. சட்டையைத் தூக்கிக் காட்டுவது, பேன்ட் பாக்கெட்டில் வெறுமனே போடுவது, பைக் டேங்க் கவரில் வைப்பது எதுவும் ஆகாது. திருவிழா, ஊர்வலம், பள்ளிக்கூடம் பக்கம் கொண்டு போகவே வேண்டாம். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது 2019 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம்.

சரி, உறைக்கு வருவோம். நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: விசையை (டிரிகரை)ச் சுற்றியுள்ள வளையம் முழுக்க மூடியிருக்கிறதா? துப்பாக்கி உறைக்குள் இருக்கும்போது ஒரு விரல் நுனி கூட விசைக்குப் போகக் கூடாது. வெளியிலிருந்து கட்டைவிரலால் அமுக்கினாலும் உறை உள்ளே அமுங்கி விசையைத் தொடக் கூடாது. கடைகளில் எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று விற்கும் நைலான் உறை இந்த இடத்திலேயே தோற்றுவிடும். துப்பாக்கியை உருவியதும் அதன் வாய் காலிப் பை மாதிரி ஒட்டிக்கொள்ளும். திரும்பச் செருக இடது கையால் வாயைப் பிரிக்க வேண்டும். அப்போது குழல் நம் கையையே பார்க்கும். விலை குறைவு என்று தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

பழைய தோல் உறையிலும் இதே ஆபத்து உண்டு. வருடக்கணக்கில் உபயோகித்தால் வாய் தளர்ந்து உள்பக்கமாக மடியும். அந்த மடிப்பு விசை வளையத்துக்குள் நுழைந்த நிலையில் துப்பாக்கியை அமுக்கினால், விரலே படாமல் வெடிக்கும். உறையின் மேல்வார் பட்டனும், சட்டையின் ஓரமும் அப்படித்தான் உள்ளே போகும். உருவும்போது அவசரம் இருக்கலாம். செருகும்போது அவசரம் என்று ஒன்று கிடையாது. சட்டையை நன்றாகத் தூக்கி, குனிந்து பார்த்துச் செருகுங்கள்.

தோலா, பிளாஸ்டிக்கா? வெளியூரில் இருந்தால் தோல் என்றுதான் சொல்வேன். உடம்புக்கு இதமாக இருக்கும், சத்தம் இருக்காது. ஆனால் இங்கே காற்றே உப்பு. தோல் வியர்வையையும் ஈரத்தையும் குடித்து வைத்துக்கொண்டு இரும்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். குரோம் போட்டுப் பதப்படுத்திய தோலில் மிஞ்சும் உப்புகள் துருவை இன்னும் சீக்கிரம் கொண்டுவரும், தோட்டாவின் பித்தளையில் பச்சைக் களிம்பும் பிடிக்கும். தோல்தான் வேண்டும் என்றால் மரப்பட்டையில் பதப்படுத்தியதாக, மூன்று மில்லிமீட்டர் கனமாவது உள்ளதாக, உங்கள் மாடலுக்கே அச்சு பிடித்ததாகப் பாருங்கள். இரவில் துப்பாக்கி உறைக்குள் தூங்கக் கூடாது. அது பூட்டிய பெட்டியில் உலர்ந்த துணி மேல் இருக்கட்டும், உறை தனியாகக் காயட்டும்.

நான் இப்போது வைத்திருப்பது கைடெக்ஸ் உறை. சூடு காட்டி, துப்பாக்கியின் வடிவத்துக்கே அமுக்கி எடுக்கும் கெட்டிப் பிளாஸ்டிக். ஈரம் குடிக்காது, வாய் மடியாது, செருகும்போது ‘டக்’ என்று பிடிக்கும். அதற்கும் இங்கே ஒரு எதிரி உண்டு, மணல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் போய்வந்தால் காதுக்குள்ளேயே மணல் இருக்கும், உறைக்குள் இருக்காதா? ஒரு துகள் மாட்டினாலும் ஸ்லைடில் கோடு விழும். வாரம் ஒரு முறை உறையை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிட்டுப் போனால் நெளிந்துவிடும்.

உறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பெல்ட் சொத்தை என்றால் வீண். வேட்டி மேல் கட்டும் பச்சைப் பெல்ட் பர்ஸுக்கும் செல்போனுக்கும்தான். அரை கிலோவுக்கு மேலான இரும்பை அதில் மாட்டினால் ஒரு பக்கம் சரிந்து, நடக்கும்போது தொடையில் அடிக்கும். பணம் கொண்டு போகிற நாளில் நான் வேட்டி கட்டுவதில்லை. ஒன்றரை அங்குல அகலத்தில், இரட்டைத் தோல் தைத்த விறைப்பான பெல்ட், அதற்கு மேல் தொளதொள அரைக்கைச் சட்டை.

எந்த இடத்தில் மாட்டுவது? நடு முதுகில் மட்டும் வேண்டாம். பைக்கிலிருந்து மல்லாக்க விழுந்தால் முதுகெலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் இரும்பு இருக்கும். முன் வயிற்றில் வைத்தால் எடுக்க வசதி, ஆனால் பைக்கில் குனிந்து உட்காரும்போது குழல் தொடை நரம்பைப் பார்க்கிறது; எனக்கு மனம் ஒப்பவில்லை. வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடம்தான் எனக்குச் சரியாக அமைந்தது. பழைய வடிவமைப்புத் துப்பாக்கிகள் சில, கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே வெடிக்கக்கூடியவை என்பதால் பைக்கில் போகும்போது சேம்பரை, அதாவது சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறையை, காலியாகவே வைக்கிறேன்.

வாங்கும் முன் ஒரு சோதனை. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு, உறையில் செருகி, மெத்தை மேல் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். விழக் கூடாது. அப்புறம் இடுப்பில் மாட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள், குந்துங்கள், ஷூ லேஸ் கட்டுங்கள். நாற்காலியில் கச்சிதமாக இருக்கும் உறை, சம்மணத்தில் வெளியே சாய்ந்து பிடியைச் சட்டைக்கு மேல் காட்டிக்கொடுக்கும்.

இனி சைட். குழல் நுனிப் பக்கம் நிற்கும் முன்முள், பின்னால் உள்ள பள்ளம், இவற்றைப் பட்டாளத்தில் ஃபோர்சைட், பேக்சைட் என்போம். பின்பள்ளத்தின் நடுவில் முன்முள், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம், மேல்விளிம்பு ஒரே மட்டம், கண் முன்முள்ளில். சின்னப் பிஸ்டலில் இந்தச் சமன் ஏன் முக்கியம் என்றால், இரண்டு சைட்டுக்கும் இடையே பன்னிரண்டரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்முள் 1 மில்லிமீட்டர் விலகினாலே 10 மீட்டரில் குண்டு 8 சென்டிமீட்டர் தள்ளிப் படும்.

ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் பேட்டரி சைட்) பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். நம் .32களில் பெரும்பாலானவற்றில் அதை உட்காரவைக்க இடமே இல்லை. இருந்தாலும் கண்ணாடியில் உப்புப் படலம், பேட்டரிக் கவலை, சட்டையில் மாட்டும் முனை எல்லாம் சேரும். டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு அடைத்த சைட் இருட்டில் தானே ஒளிரும், ஆனால் 12 வருடத்தில் வெளிச்சம் பாதியாகிவிடும். ஃபைபர் ஆப்டிக் பகலில் பளிச்சென்று தெரியும், இழை உடையக்கூடியது. பல துப்பாக்கிகளில் சைட் ஸ்லைடோடு சேர்ந்தே வருகிறது. மாற்றுவதென்றால் லைசென்ஸ் உள்ள ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) மட்டும் கொடுங்கள்.

பெரும்பாலோருக்கு ஐந்து ரூபாய் வேலையே போதும். வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் மத்தியான வெயிலில் நின்று பாருங்கள். தரையெல்லாம் வெள்ளை, சைட்டில் உள்ள வெள்ளைப் புள்ளிகள் அதில் கரைந்துபோகும். நான் பின்சைட்டின் புள்ளிகளை மறைத்துக் கறுப்பாக்கிவிட்டேன். முன்முள்ளை ஸ்பிரிட்டால் துடைத்து, விளக்குமாற்று ஈர்க்குச்சியின் நுனியை நறுக்கி, நம்மைப் பார்க்கும் முகத்தில் மட்டும் முதலில் வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. அது ஒரு நாள் காய்ந்த பிறகு மேலே பளீர் ஆரஞ்சு. மேல்விளிம்பில் படக் கூடாது; அது கறுப்பாக, கூர்மையாக இருந்தால்தான் மட்டம் தெரியும்.

நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு முன்முள் மங்கும். கண்ணாடிக் கடையில் படிக்கும் தூரத்தோடு, கையை நீட்டிக் கட்டைவிரல் நகம் தெரியும் தூரத்துக்கும் பவர் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அதற்கென்று தனிக் கண்ணாடி போட்ட பிறகுதான் ரைஃபிள் கிளப்பில் அட்டையில் குண்டுகள் ஒன்று கூடின.

சைட் வேலை எல்லாம் முடித்த பிறகே உறைக்கு அளவு கொடுங்கள். முன்முள்ளின் உயரத்துக்கு உறைக்குள் ஒரு வாய்க்கால் விட வேண்டும். அது இல்லாத உறையில் பத்து முறை உருவினால், நீங்கள் பூசிய ஆரஞ்சு உறைக்குள் ஒட்டிக்கொண்டு வெறும் இரும்பு வெளியே வரும்.