தேன் நெல்லி: ஈரம் போனால் பாதி வேலை முடிந்தது

தேனில் ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது உடலின் செல்களைச் சிதையாமல் காக்கும் பொருள், உண்டு என்று பாட்டில் லேபிளில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். உண்மைதான். பூக்களிலிருந்து வரும் ஃப்ளேவனாய்டுகளும் பீனாலிக் அமிலங்களும் அதில் இருக்கின்றன. ஆனால் தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை. ஒரு ஸ்பூனில் கிடைக்கும் சத்து சொற்பம். அதனால்தான் நெல்லிக்காயைத் துணைக்கு அழைக்கிறோம்.

முதலில் தேன். நிறம் கறுத்த தேனில் பொதுவாக இந்தச் சத்து கூடுதல். பொதிகை மலையில் காரையாறு பக்கம் காணிக்காரப் பழங்குடியினர் எடுக்கும் மலைத்தேன் ருசியில் தனி ரகம், ஆனால் ஈரம் அதிகம், சீக்கிரம் நுரைத்துவிடும். ஊறப்போட மார்த்தாண்டத்தில் பெட்டியில் தேனீ வளர்த்து எடுக்கும் தேன்தான் என் தேர்வு. தேனீக்கள் அடையை மெழுகால் மூடியபின் எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் விட்டுப் பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள். கெட்டிச் சர்க்கரைப் பாகும் அப்படியேதான் அடியில் போய் உட்காரும்.

கார்த்திகை, மார்கழியில் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் பெருநெல்லி வாங்கி, அரை கிலோவைக் கழுவி இட்லிக் கொப்பரையில் ஆவியில் வையுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் சுளை பிரியத் தொடங்கும், இறக்கிவிடலாம். கொட்டையை எடுத்துவிட்டுச் சுளைகளைச் சொளவில் (முறத்தில்) பரப்புங்கள்.

இனிதான் பொறுமை வேண்டும். தட்டட்டி (மொட்டை மாடி) வெயிலில் போட்டால் வைட்டமின் சி வீணாகும். வீட்டுக்குள் ஃபேன் காற்று போதும். தொட்டால் பிசுபிசுப்பு இல்லாமல், ஓரம் சுருங்கியிருக்க வேண்டும். நல்ல தேனில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருப்பதால்தான் ஈஸ்ட் அதில் தலையெடுப்பதில்லை. காய் தண்ணீர் விட்டால் அந்தக் கணக்கு கெடும், பாட்டில் புளித்துப் பொங்கும்.

ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் சுளைகளைப் போட்டு, மூழ்கும்வரை தேன் ஊற்றுங்கள். தேனை அடுப்பில் காட்டவே வேண்டாம், அதன் நொதிகள் செத்துப்போகும். தினமும் உலர்ந்த கரண்டியால் கிளறுங்கள். ஒரு வாரத்தில் தேன் இளகும். அப்போது ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். நாளுக்கு இரண்டு சுளை தாராளம். சர்க்கரை நோய்க்காரர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகரந்தத்திலும் தேனீப் பிசினான புரோபோலிஸிலும் எடைக்கு எடை ஆன்டிஆக்ஸிடன்ட் தேனைவிட அதிகம்தான். ஆனால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அவை ஆபத்து. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கிற ஆச்சிமார் கோபித்தாலும் பரவாயில்லை, ஒரு வயது நிறையும்வரை தேன் ஒரு சொட்டும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகளைப் பச்சைக் குழந்தையின் குடல் தாங்காது.