சமைக்கத் தோன்றாத நாளிலும் வீட்டுச் சாப்பாடு

வேலை முடிந்து களைத்து வந்து, பசியோடு அடுப்படியில் நின்றுகொண்டு இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தால், கை தானாகவே போனை எடுத்து ஆர்டர் போட்டுவிடும். அதனால் அந்த முடிவை முந்தின நாள் இரவே எடுத்துவிடுங்கள். பயறு வகை என்றால் அப்போதே ஊறப் போடுங்கள். 8 மணி நேரம் ஊறினால் சீக்கிரம் வெந்துவிடும். சமைக்க மனம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்துவிட்டால் பாதி தயக்கம் போய்விடும்.

தினமும் புதிதாகச் சமைக்கவும் தேவையில்லை. ஒருநாள் இரண்டு மடங்காகச் செய்து, பாதியை அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் சீக்கிரம் ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் பெரும்பாலான சமையல் 3 நாள் வரை தாங்கும், ஆனால் திரும்பச் சாப்பிடும்போது ஆவி பறக்கச் சூடாக்குங்கள். அப்புறம், உறைந்த காய்கறியைக் குறைவாக நினைக்காதீர்கள். உறைய வைப்பதால் சத்து பெரிதாகக் குறைவதில்லை, கழுவி நறுக்கும் நேரமும் மிச்சம்.

எதுவுமே முடியாத நாளில் முட்டையும் ரொட்டியும் போதும், அதுவும் வீட்டுச் சமையல்தான். வாரம் முழுக்கச் சமைப்பேன் என்று சபதம் எடுக்காமல் இரண்டு நாளில் தொடங்குங்கள், எந்த இரண்டு நாள் என்பதை இப்போதே குறித்துவிடுங்கள்.