நெல் பணத்தை வைத்து கிரெடிட் கார்டு கடனை அடைப்பது எப்படி?

கார்டு பில் மாதா மாதம் வரும். குறுவை, சம்பா பணம் வருடத்துக்கு இரண்டு தடவைதான் வரும். டெல்டாவில் விவசாய வருமானத்தை நம்பும் வீடுகளில் கார்டு கடன் முற்றுவது இந்த இடைவெளியில்தான். ‘அறுப்பு முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போவார்கள்.

அந்தத் தொகை எங்கே போகிறது என்று பாருங்கள். நிலுவை 60,000 ரூபாய். வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது ஊர்க் கணக்கில் மூன்றரை வட்டி: 2,100 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 378. ஆக நாலு வட்டிக்கு மேல். குறைந்தபட்சம் 5 சதவீதம் என்று 3,000 கட்டினால், அசலில் கழிவது 522 ரூபாய்தான். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

அதனால் முதல் வேலை, கார்டைத் தேய்ப்பதை நிறுத்துவது. பர்ஸிலிருந்து எடுத்து வைத்தால் மட்டும் போதாது. யுபிஐ செயலியில் ரூபே கிரெடிட் கார்டை இணைத்திருந்தால் அதை நீக்குங்கள். உரக்கடை க்யூஆரில் கட்டும்போது கை தானாக அதில்தான் போகும். தானாகப் பிடித்தம் ஆகும் சந்தாக்களையும் ரத்து செய்யுங்கள். கார்டில் ரொக்கம் எடுக்கவே கூடாது, எடுத்த அன்றே வட்டி, தனிக் கட்டணம் வேறு.

அடுத்து வட்டியைக் குறைக்க வேண்டும். வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடன்தான் நேர்வழி. ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் 60,000க்கு மாத வட்டி 500 ரூபாய். மாதம் 5,000 கட்டினால் கார்டில் 17 மாதம், மொத்தம் 84,000க்கு மேல். நகைக்கடனில் 13 மாதம், சுமார் 63,500. அசலில் பகுதி பகுதியாகக் கட்ட விடுவார்களா என்று கேட்டுவிட்டு அடகு வையுங்கள். கூட்டுறவு சங்கத்துப் பயிர்க்கடனை இதற்குத் திருப்பாதீர்கள். தவணை தவறினால் வட்டிச் சலுகை போய்விடும், நடவுக்கும் கையில் காசு இருக்காது.

நகை இல்லையென்றால் நிலுவையை இஎம்ஐயாக மாற்றித் தரச் சொல்லுங்கள். குறையும் அசலுக்கு வட்டியா, முழு அசலுக்கும் ஒரே வட்டியா, முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் எவ்வளவு என்ற மூன்றையும் கேளுங்கள். இரண்டு மூன்று கார்டு இருந்தால் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத்தைக் கட்டிவிட்டு, மிச்சத்தை வட்டி அதிகமான கார்டில் போடுங்கள்.

கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறினால், கெடு தேதி வரை காத்திருக்க வேண்டாம். வட்டி நாள் கணக்கில் ஓடுகிறது, அன்றே கட்டுங்கள். அடுத்த போக விதை, உழவு, நடவுக்கூலிக்கு முதலில் ஒதுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அந்தச் செலவு திரும்பவும் கார்டிலேயே ஏறும்.

கட்டவே முடியாத நிலை வந்தால் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வசூல் முகவர்கள் காலை 8க்கு முன்னும் இரவு 7க்குப் பின்னும் அழைக்கக்கூடாது. வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் தீரவில்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448. தள்ளுபடி பேசி ‘செட்டில்மென்ட்’ செய்வது கடைசி வழி. அது உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பதிவாகி, நாளைக்கு டிராக்டர் கடன் கேட்கும்போது குறுக்கே நிற்கும்.

முழுசாகக் கட்டிய பிறகும் அடுத்த பில்லைப் பாருங்கள். பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி சிறு தொகையாக வரும். அதை விட்டால் தாமதக் கட்டணம் சேரும். அதையும் தீர்த்துவிட்டு, கார்டு வேண்டாம் என்றால் மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 7 வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.