பொன்னியின் செல்வன் பற்றி உங்கள் கருத்தை எழுதுவது எப்படி? முதல்முறை எழுதுபவர்களுக்கான செய்முறை

பொன்னியின் செல்வனைப் படித்து முடித்ததும் யாரிடமாவது அதைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும் போல இருக்கும். ஆனால் எழுத உட்கார்ந்தால் "அருமை", "விறுவிறுப்பு", "கீழே வைக்கவே முடியவில்லை" என்று மூன்று வரியோடு நின்றுவிடும். இந்தப் பதிவு அந்த மூன்று வரியைத் தாண்டி எழுத விரும்புகிறவர்களுக்கு. இங்கே நான் சொல்லும் முறை சோழர் கதைக்கு மட்டுமல்ல, பழைய அரசர் காலத்தில் நடக்கும் எந்தக் காதல் கதைக்கும் பொருந்தும். எல்லோரும் அறிந்த நாவல் என்பதால் இதை எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கருத்துக்கு என்ன மதிப்பு என்று தயங்க வேண்டாம். இந்த நாவல் 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. கதை முடிந்த விதம் சில வாசகர்களுக்குத் திருப்தி தரவில்லை. இன்னார் என்ன ஆனார், இது எப்படி முடிந்தது என்று கேட்டார்கள். நாவலாசிரியர் கல்கி அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு ஒரு முடிவுரையே எழுதினார். உங்கள் பதிப்பில் அது இருந்தால் கட்டாயம் படியுங்கள். ஓர் எழுத்தாளர் வாசகர் கருத்தை எவ்வளவு அக்கறையோடு எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஓர் எச்சரிக்கை: மூன்றாம் படியிலிருந்து கதையின் முடிவைப் பற்றிப் பேசுகிறேன். இன்னும் படித்து முடிக்காதவர்கள் முதல் இரண்டு படிகளோடு நிறுத்திக்கொண்டு, முடித்த பிறகு வாருங்கள்.

படி 1: மற்றவர்கள் எழுதியதைப் படிக்கும் முன் உங்களுடையதைக் குறித்துக்கொள்ளுங்கள்

இந்த நாவலைப் பற்றி ஏற்கெனவே ஆயிரம் கருத்துகள் உலவுகின்றன. நந்தினி இப்படி, வந்தியத்தேவன் அப்படி என்று கேட்டுக் கேட்டே நமக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். 2022இலும் 2023இலும் திரைப்படம் வந்த பிறகு முகங்கள்கூட மனதில் பதிந்துவிட்டன. அதனால் ஒவ்வொரு பாகமும் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஐந்தாறு வரி எழுதி வையுங்கள். எந்த இடத்தில் வேகமாகப் பக்கம் புரட்டினீர்கள்? எங்கே சலித்தது? யார் மேல் கோபம் வந்தது? மொத்தம் ஐந்து பாகங்கள். கடைசியில் ஐந்து குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், முதல் பாகத்தில் பிடிக்காத ஒருவரை நான்காம் பாகத்தில் நீங்களே பரிந்து பேசியிருப்பீர்கள். அந்த மாற்றம் எப்படி நடந்தது என்று சொன்னாலே பாதிப் பதிவு எழுதியாகிவிட்டது.

படி 2: ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

முழு நாவலையும் ஒரு பதிவில் அடக்க முயலாதீர்கள். ஐந்தாம் பாகத்தில் மட்டும் 91 அத்தியாயங்கள் இருக்கின்றன! கதைச் சுருக்கமும் வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. "அருள்மொழிவர்மன் பெயரில் இருக்கும் நாவலில் வந்தியத்தேவன் ஏன் இவ்வளவு இடம் பிடிக்கிறான்?", "பெரிய பழுவேட்டரையர் மேல் எனக்கு ஏன் இரக்கம் வந்தது?" என்பது போல ஒரு கேள்வி போதும். உங்களை உண்மையிலேயே உறுத்தும் கேள்வியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 3: கல்கிக்குக் கிடைத்தது எது, கல்கி உண்டாக்கியது எது?

நான் அதிகம் வற்புறுத்துவது இந்தப் படியைத்தான். சரித்திர நாவலைப் பற்றி வரும் பாராட்டிலும் குறையிலும் பெரும்பகுதி தவறான ஆளிடம் போய்ச் சேருகிறது. கல்வெட்டில் இருக்கும் சம்பவத்துக்காகக் கல்கியைத் திட்டுகிறோம். கல்கியின் கற்பனைக்காகச் சோழர்களைப் புகழ்கிறோம். இதைத் தவிர்க்க, ஒரு தாளில் மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள்: சான்று உள்ளவை, சான்றிலிருந்து வளர்த்தவை, முழுக் கற்பனை.

சான்று உள்ளவற்றிலிருந்து தொடங்குவோம். சுந்தர சோழர், அவர் மகன்கள் ஆதித்த கரிகாலன், அருள்மொழி (பின்னாளில் ராஜராஜன்), மகள் குந்தவை, கண்டராதித்தரின் மனைவி செம்பியன் மாதேவி எல்லோரும் வரலாற்றில் வாழ்ந்தவர்கள். கரிகாலனுக்கு "வீரபாண்டியன் தலைகொண்ட" என்ற பட்டம் கல்வெட்டுகளிலேயே உண்டு. அவன் கொலை செய்யப்பட்டதும் உண்மை. காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடியில் உள்ள அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களும் உறவினர்களும் வைத்திருந்த நிலங்கள் பறிக்கப்பட்டதைப் பேசுகிறது. நாவலின் ரவிதாஸனும் சோமன் சாம்பவனும் இந்தக் கல்லிலிருந்து எழுந்து வந்தவர்கள்தான்.

இரண்டாவது பத்திக்கு வந்தியத்தேவனே நல்ல உதாரணம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிப்பிடுகிறது. அந்த ஒரு வரிக்காரரைக் குதிரையில் ஏற்றி, ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் கொண்டுவந்து நிறுத்தியது கல்கியின் வேலை. அவனுடைய குறும்பு, பொய், பசி, சிக்கலில் மாட்டிக்கொள்ளும் ராசி எதற்கும் கல்வெட்டு கிடையாது.

மூன்றாவது பத்தியில் நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் நம்பி, ஊமை ராணி. இவர்களைச் சரித்திரப் பாத்திரங்கள் என்று எழுதிவிடாதீர்கள். வாசகர்கள் மிக அதிகமாகச் சண்டை போட்டுக்கொள்ளும் நந்தினி முழுக்க முழுக்கக் கற்பனை என்பதே கல்கிக்குக் கிடைத்த பெரிய பாராட்டு என்று நினைக்கிறேன்.

இப்போது இந்தத் தாளை வைத்துக்கொண்டு அடிக்கடி வரும் ஒரு குறையைப் பார்ப்போம்: "இத்தனை பாகம் படித்தும் கடைசியில் அருள்மொழிக்கு முடிசூட்டவில்லையே, ஏமாற்றமாக இருந்தது." உத்தம சோழன் சுமார் 15 ஆண்டுகள் ஆண்ட பிறகு, 985இல்தான் ராஜராஜன் அரியணை ஏறினான். மக்கள் விரும்பியும், தன் சிற்றப்பனான உத்தம சோழனுக்கு ஆட்சியில் ஆசை இருக்கும்வரை அருள்மொழி அரசை ஏற்க மறுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. ஆக, முடிவு கல்கி கையில் இல்லை. கதாநாயகன் கிரீடத்தை விட்டுக்கொடுக்கும் இடத்தில்தான் நாவல் போய் நிற்கவேண்டும். அவர் கையில் இருந்தது, அந்த விட்டுக்கொடுத்தலைத் தோல்வியாகத் தெரியாமல் உச்சமாகத் தெரியவைப்பது. கடைசி பாகத்துக்குத் "தியாக சிகரம்" என்று பெயர் வைத்து, மகுடாபிஷேகக் காட்சியை நோக்கி எல்லாவற்றையும் நகர்த்துகிறார். ஆகவே "ஏன் முடிசூட்டவில்லை" என்று கேட்காதீர்கள். "அந்தத் தியாகம் எனக்கு நம்பும்படி இருந்ததா?" என்று கேளுங்கள். இல்லை என்று தோன்றினால் தாராளமாக எழுதுங்கள். அது கல்கியிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

கரிகாலன் கொலையும் அப்படியே. கடம்பூர் மாளிகையில் என்ன நடந்தது என்பதைக் கல்கி முழு வெளிச்சத்தில் காட்டவில்லை என்று பலர் வருத்தப்படுவார்கள். வரலாற்றாசிரியர்களே இதில் ஒத்துப்போகவில்லை. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன்மீது சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. அந்தச் சந்தேகத்தை நாவலுக்குள்ளும் கல்கி உயிரோடு வைத்திருக்கிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது. விளக்கு அணைந்த அந்த அறையைப் பற்றி இன்றும் நாம் வாதாடிக்கொண்டிருப்பதற்கு அதுவே காரணம்.

சான்றை மீறிய இடங்களும் உண்டு. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் கட்டியது என்பதற்கு ஆனைமங்கலச் செப்பேடு சான்று. நாவலிலோ அவன் இளவரசனாக இருக்கும்போதே அது நிற்கிறது, அவன் அங்கே ஒளிந்திருக்கிறான். இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் "பிழை, பிழை" என்று குதிக்காமல், அதனால் கதைக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். கடல் பொங்கி விகாரத்துக்குள் வெள்ளம் புகும் அத்தியாயங்களைப் படித்தால் விடை தெரியும்.

படி 4: காதலைத் தனியாகக் கவனியுங்கள்

சரித்திரத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டுக் காதலை ஒரு வரியில் முடிப்பவர்கள் அதிகம். கூச்சம்தான் காரணமோ என்னவோ. ஆனால் இந்தக் கதையில் அரசியல் நகர்வதே காதலால்தான்: கரிகாலனுக்கு நந்தினிமேல் இருந்தது, பழுவேட்டரையருக்கு அவள்மேல் இருப்பது, பூங்குழலி யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது.

நல்ல பயிற்சி ஒன்று சொல்கிறேன். ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு, அவர்கள் நேருக்கு நேர் பேசும் காட்சிகளை மட்டும் வரிசையாக மறுபடி படியுங்கள். வந்தியத்தேவன், குந்தவையை எடுத்துக்கொண்டால் குடந்தைச் சோதிடர் வீடு, அரிசிலாற்றங்கரை, பழையாறை என்று போகும். ஆற்றங்கரையில் அவன் வீராவேசமாக வேல் எறிவது ஒரு செத்த முதலைமேல். பெண்கள் சிரித்துவிடுகிறார்கள். வீரத்தைக் காட்டி மயக்குவதற்குப் பதிலாக, அசடு வழிந்து அறிமுகமாகிறான்! அப்புறம் அவனை நம்பி இலங்கைக்கு ஓலை கொடுத்து அனுப்புகிறாள். சோழ நாட்டின் மிகச் சாமர்த்தியசாலியான பெண் இவனிடம் எதைக் கண்டாள்? காட்சிகளை வரிசையாகப் படித்தவர் சொல்லும் விடைக்குத் தனி எடை இருக்கும்.

நந்தினியை எழுதும்போது "வில்லி" என்ற ஒரே பெயரில் அடைத்துவிடாதீர்கள். அவளுக்கு இழைக்கப்பட்டது என்ன, அவள் செய்யத் துணிந்தது என்ன என்று இரண்டையும் எழுதிவிட்டுப் பிறகு தீர்ப்பு சொல்லுங்கள்.

படி 5: குறை சொல்வது

பெரிய எழுத்தாளர், எல்லோரும் கொண்டாடும் நாவல், நாம் எப்படிக் குறை சொல்வது என்று பயப்பட வேண்டாம். பக்தியோடு எழுதும் கருத்தைவிட நேர்மையாக எழுதும் கருத்துதான் அடுத்த வாசகருக்கு உதவும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இது வாரம் ஒரு தவணையாக, மணியத்தின் ஓவியங்களோடு, மூன்றரை ஆண்டுகள் வந்த தொடர்கதை. முந்தைய வாரம் நடந்ததை நினைவூட்ட வேண்டும், அடுத்த வாரம்வரை வாசகரைத் தவிக்கவிட வேண்டும். சொன்னதையே சில இடங்களில் மீண்டும் சொல்வதற்கும், அத்தியாயக் கடைசியில் யாராவது அலறுவதற்கும் இதுதான் காரணம். ஒரே மூச்சில் படிக்கும் நமக்கு அது உறுத்துகிறது. "தொடராகப் படித்தவர்களுக்கு இது தேவைப்பட்டிருக்கும், புத்தகமாகப் படிக்கும் எனக்குச் சலித்தது" என்று எழுதினால் இரு பக்கமும் நியாயம்.

ஆனால் எல்லாவற்றையும் தொடர்கதைமேல் போட்டுவிடவும் முடியாது. முக்கியமான ரகசியங்கள் பெரும்பாலும் ஒட்டுக்கேட்டே தெரிய வருகின்றன. மறைவில் நிற்க எப்போதும் ஓர் இடம் அமைந்துவிடுகிறது. மதுராந்தகன் பிறப்பு பற்றிய முடிச்சு என்னை இன்றுவரை முழுதாக நம்பவைக்கவில்லை. இதைச் சொல்வதால் நாவல்மேல் எனக்குள்ள அன்பு குறையவில்லை.

படி 6: பதிவிடும் முன்

கதை முடிச்சை அவிழ்க்கும் பத்திக்கு மேலே "கதை முடிவு வருகிறது" என்று ஒரு வரி போடுங்கள். எழுபது வருஷப் பழைய கதைதானே என்று விட்டுவிடாதீர்கள், இன்றைக்குத்தான் முதல் பாகத்தைத் திறக்கும் ஒருவர் எப்போதும் இருப்பார். பக்க எண்ணைக் குறிப்பிட வேண்டாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன, பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். பாகமும் அத்தியாயப் பெயரும் போதும். நாவல் பற்றி எழுதுகிறீர்களா, படத்தைப் பற்றியா என்பதையும் தெளிவாக்குங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் கீழே வரும் விவாதம் முழுதும் அதிலேயே போய்விடும்.

படி 7: எல்லாம் சேர்ந்தால் எப்படி இருக்கும்

"பெரிய பழுவேட்டரையரை முதல் பாகத்தில் வெறுத்தேன். கடம்பூரில் நள்ளிரவில் சதி பேசும் கிழவர், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பழுவூர்க் குறுநில மன்னர்கள் சோழர்களுக்குத் துணை நின்றது வரலாறு. இந்த வயதில் நந்தினியை மணந்து தவிப்பது கல்கியின் கற்பனை. அந்தக் கற்பனைதான் அவரை எனக்கு மனிதராக்கியது. உடம்பில் 64 விழுப்புண்கள் பெற்றவர், ஒரு பெண்ணின் வார்த்தைக்கு முன்னால் தடுமாறுகிறார். உண்மை தெரிந்த பிறகு அவர் எடுக்கும் முடிவு அவசரமாகச் சொல்லப்பட்டதாகத் தோன்றியது. அங்கே இன்னும் ஓர் அத்தியாயம் இருந்திருக்கலாம்."

மாதிரி இவ்வளவுதான். ஒரே பாத்திரம், மனம் மாறிய இடம், சான்றும் கற்பனையும், ஒரு பாராட்டு, ஒரு குறை எல்லாம் இதில் வந்துவிட்டன. இதில் என் கருத்தை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள். எழுதியதைக் கீழே பின்னூட்டத்தில் போட்டாலும் சரி, உங்கள் பக்கத்தில் எழுதி இணைப்பு தந்தாலும் சரி, வந்து படிக்கிறேன். நந்தினியைப் பற்றி என்னோடு ஒத்துப்போகாதவர்கள் முதலில் வாருங்கள்.