ஈயம் படிந்த மண்ணுக்கு எலும்புத் தூள்

பேட்டையில் எங்கள் புறவாசலில் முன்பு யாரோ பழைய பேட்டரி உடைத்திருக்கிறார்கள். மண்ணைச் சோதித்தால் ஈயம். பேத்தி விளையாடும் இடம், மனசு பதறிவிட்டது.

உரக்கடையில் ரோஜாவுக்கு விற்கும் எலும்புத் தூள் போதும். அதிலிருப்பது அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம், நம் பல்லும் அதே இனம்தான். அதன் பாஸ்பேட் ஈயத்தைப் பிடித்து, தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாத பைரோமார்பைட் கனிமமாக்கிவிடும். ஈயம் மண்ணைவிட்டுப் போகாது, ஆனால் உடம்பில் எளிதில் ஏறாது.

விரலில் தேய்த்துப் பார்த்து, மாவு போல் நைசான தூளாக வாங்குங்கள். பரலாக இருந்தால் வேலை மந்தம். முகக்கவசம் கட்டி, தூசி பறக்காமல் மண்ணை நனைத்து, 100 கிலோ மண்ணுக்கு 3 கிலோ வீதம் அரையடி ஆழம் கொத்திக் கலக்குங்கள். அப்புறம் சில வாரம் ஈரம் காயவிடாமல் வைத்து, மேலே சுத்தமான செம்மண் பரப்புங்கள். ஆர்சனிக் உள்ள மண்ணில் மட்டும் வேண்டாம்; பாஸ்பேட் அதைக் கிளப்பிவிடும். கீரையை இன்னும் தொட்டியில்தான் போடுகிறேன்.