ஸ்பெயினில் கல்யாணப் பத்திரிகை வந்தால்: நாற்காலிக் கணக்கும் மொய்க் கணக்கும்

"தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருக" என்று நாம் பத்திரிகையில் அச்சடிப்போம். ஸ்பெயின் பத்திரிகையில் அப்படி ஒரு வரி கிடையாது. உறையின் மேல் யார் பெயர் இருக்கிறதோ, அழைப்பு அவர்களுக்கு மட்டும்தான். கணவன் மனைவி பெயர் இருந்தால் இரண்டு நாற்காலி. பின்னால் "இ ஃபமிலியா", அதாவது "குடும்பத்தாரும்", என்று இருந்தால் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. பெரியவர்கள் மட்டும் என்று நடக்கும் கல்யாணங்களும் நிறைய, அதனால் குழப்பம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரைச் சொல்லாமல் அழைத்துப் போகாதீர்கள். பந்தியில் ஒரு இலை கூடப் போடுவது நமக்குப் பெரிய விஷயமில்லை. அங்கே எந்த மேசையில் யார் என்று பெயர் எழுதி வைத்திருப்பார்கள். சாப்பாட்டுக்காரருக்குத் தலைக்கணக்கு பல நாள் முன்பே போய்விடும், பணமும் தலைக்கு இவ்வளவு என்றுதான். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தாலும் உங்கள் சாப்பாட்டுக்கு அவர்கள் பணம் கட்டியாக வேண்டும்.

மொய்யும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. ஒரு ஆளின் சாப்பாட்டுச் செலவை "குபியெர்த்தோ" என்பார்கள். வருபவர் குறைந்தது அதையாவது ஈடுகட்ட வேண்டும் என்பது எழுதாத விதி. நண்பர், உடன் வேலை செய்பவர் என்றால் தலைக்கு 100 முதல் 150 யூரோ, நெருங்கிய உறவு என்றால் அதற்கு மேல். ஐநூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று ஒற்றை நாணயம் சேர்க்கும் வழக்கம் அங்கே யாருக்கும் புரியாது. தம்பதியாகப் போய்விட்டு 50 யூரோ வைத்தால், வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டார்கள், ஆனால் மனதில் நிற்கும்.

பத்திரிகையிலோ கூடவரும் சிறு அட்டையிலோ வங்கிக் கணக்கு எண் இருக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், அங்கே அது சாதாரணம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுவது நல்லது.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மொய் எழுத நோட்டோடு யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள், வங்கி காட்டும் பெயர்தான் மொய் நோட்டு. அழைத்தது உங்கள் மனைவியின் அலுவலகத் தோழியாக இருக்கும், பணமோ உங்கள் கணக்கிலிருந்து போகும். அவர்களுக்கு உங்களை "ராம்" என்றுதான் தெரியும், கணக்கிலோ தகப்பனார் பெயரும் சேர்த்து "ராமச்சந்திரன் கோவிந்தசாமி" என்று நீளமாக இருக்கும். யார் அனுப்பியது என்று மணமக்களுக்குப் பிடிபடாது. நண்பர் ஒருவர் 250 யூரோ அனுப்பியும், மொய் வைக்காதவர் என்ற பெயரோடு பல மாதம் இருந்தார். வந்து சேர்ந்ததா என்று அவரும் கூச்சப்பட்டுக் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அனுப்பும்போது, எதற்கான பணம் என்று எழுதும் "கொன்செப்தோ" என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். "போதா", அதாவது கல்யாணம், என்று எழுதி, பத்திரிகை உறையில் உங்கள் பெயர்கள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே எழுத்துக்கூட்டி எழுதுங்கள். அனுப்பியதும் மணமகளுக்கோ மணமகனுக்கோ ஒரு வாட்ஸ்அப் வாழ்த்து போடுங்கள், எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம்.

உடை விஷயத்தில் பட்டுச்சேலைக்கு நல்ல மரியாதை உண்டு. வெள்ளை, சந்தன நிறம், கேரளக் கசவு மட்டும் வேண்டாம், அந்த நிறம் மணமகளுக்கு உரியது.

மாதா கோயில் சடங்கில் பார்க்க வேண்டியது அர்ராஸ். மணமகன் பதின்மூன்று நாணயங்களை மணமகளின் குவித்த கைகளில் சரியவிடுவார், அவள் திரும்ப அவர் கையில் விடுவாள். இருப்பதெல்லாம் இருவருக்கும் பொது என்று பொருள். அந்த நேரத்தில் கோயில் அமைதியாக இருக்கும், நாணயம் நாணயத்தில் படும் ஓசை கடைசி வரிசை வரை கேட்கும். மோதிரம் பெரும்பாலும் வலது கையில், கட்டலோனியாவில் இடது கையில். மணமகனோடு நடந்து வருபவர் அவர் தாய், மணமகளோடு அவள் தகப்பன். நம் அட்சதைபோல அரிசி தூவுவதும் உண்டு, ஆனால் உள்ளே அல்ல. மணமக்கள் வாசலுக்கு வெளியே வரும்வரை கையில் வைத்துக் காத்திருங்கள். "விவான் லோஸ் நோவியோஸ்!" (மணமக்கள் வாழ்க!) என்று ஒருவர் குரல் கொடுத்தால் எல்லோரும் "விவான்!" என்று சேர்ந்து சொல்வார்கள்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. "வெஹெதாரியானோ" (சைவம்) என்று மட்டும் சொன்னால் சூரை மீன் போட்ட சாலட் வந்துவிடலாம். ஹமோனை, அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையை, இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்களும் உண்டு. குரோக்கெத்தா என்ற பொரித்த உருண்டைக்குள் அது இருக்கும், சல்மொரேஹோ என்ற தக்காளிக் குளிர்சூப்பின் மேலும் தூவியிருப்பார்கள். வருகையை உறுதி செய்யும்போதே எழுதிக் கொடுங்கள்: சின் கார்னே (இறைச்சி இல்லாமல்), சின் பெஸ்காதோ (மீன் இல்லாமல்), சின் ஹமோன், சின் கால்தோ தே கார்னே. கடைசியில் உள்ளது இறைச்சி வேகவைத்த சாறு, காய்கறிச் சோற்றில்கூட அது கலந்திருக்கும். முட்டையும் ஆகாதென்றால் "சின் வெவோ" சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாலைக் கல்யாணத்தில் நின்றுகொண்டே கொறிக்கும் நேரம் ஒன்றரை மணிக்கு மேல் போகும், உட்கார்ந்து சாப்பிடப் பத்து மணி ஆகலாம். சிறு பிள்ளைகளுக்கு முன்னதாகவே ஏதாவது கொடுத்து அழைத்துப் போங்கள். சாப்பாட்டுக்குப் பின் ஆட்டம், நள்ளிரவு தாண்டி மறுபடி ஒரு சிற்றுண்டி, விடியும்வரை நீளும். ஊருக்கு வெளியே பண்ணைவீட்டில் நடந்தால் மணவீட்டாரே பேருந்து ஏற்பாடு செய்வார்கள். திரும்பும் முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் அங்கே டாக்சி கிடைப்பது கடினம்.