ஏறும் முன் குதிரையைப் பாருங்கள்: மலைச் சவாரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானல் ஏரிச் சாலையிலும் உதகை படகு இல்லத்தின் அருகிலும் கோடை விடுமுறை என்றாலே குதிரைச் சவாரியும் சேர்ந்துகொள்கிறது. சவாரி செய்வதே பாவம் என்று வாதிடுவது என் நோக்கமன்று. அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இரு மலைகளிலும் உள்ளன. ஆனால் எந்தக் குதிரை, யார் ஏறுவது, எவ்வளவு தூரம், என்ன வேகம் என்பதையெல்லாம் பணம் கொடுப்பவர்தான் தீர்மானிக்கிறார் என்பதால், குதிரை படும் துன்பத்தில் ஒரு பெரும் பங்கு அவர் சேணத்தில் ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

இவற்றுள் மிகப் பெரிய தவறு எடையை மறந்துவிடுவது. ஒரு குதிரை தன் உடல் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு வரை சுமக்கலாம் என்பது குதிரை வளர்ப்போர் பரவலாக ஏற்றுக்கொண்ட வரம்பு. சேணத்தின் எடையும் அதற்குள் அடக்கம். மலையில் சவாரிக்கு நிற்பவற்றில் உயரம் குறைந்த மட்டக்குதிரைகள் பல உண்டு. 250 கிலோ எடையுள்ள ஒரு மட்டக்குதிரைக்கு வரம்பு 50 கிலோ. சேணத்துக்கு 6 கிலோ போனால் மிஞ்சுவது 44 கிலோதான். அதன்மேல் 75 கிலோ எடையுள்ள அப்பா ஏறி, படத்துக்காக நான்கு வயது மகளையும் முன்னால் அமர்த்திக்கொண்டால், வரம்பைப் போல இரு மடங்கு சுமை அந்த முதுகில் ஏறிவிடுகிறது. சுமை விலங்குகளைக் காப்பதற்கான 1965ஆம் ஆண்டு மத்திய விதிகள்கூடப் பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கு 70 கிலோவையே உச்சமாக வைத்துள்ளன. ஆகவே சிறிய குதிரை குழந்தைக்கு மட்டும். பெரியவர் ஏறுவதானால் உயரமும் உடற்கட்டும் உள்ள குதிரையைக் கேட்க வேண்டும், அப்படி ஒன்று இல்லையெனில் கூடவே நடந்து வரலாம். ஒரே குதிரையில் இருவர் என்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கக் கூடாது.

நிறத்தையும் சேணத்தின் குஞ்சங்களையும் பார்த்துக் குதிரையைத் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. பார்க்க வேண்டிய இடங்கள் வேறு: பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேடு, முன்னங்காலுக்குப் பின்னால் வயிற்றுவார் இறுகும் இடம், வாயின் ஓரங்கள், குளம்பு. முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தாலோ, சேணத்துக்கு அடியில் வைத்த சாக்கில் ஈரக்கறை தெரிந்தாலோ அங்கே புண் இருக்கிறது என்று கொள்ளலாம். நொண்டுகிறதா என்பதை அறிய, குதிரைக்காரரிடம் பத்தடி நடத்திக் காட்டச் சொன்னால் போதும். முன்னங்காலில் வலி இருக்கும் குதிரை அந்தக் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். ஒருமுறை கவனித்தவர் கண்ணுக்கு அது பிறகு தப்பாது.

அசையாமல் நிற்கும் குதிரையைச் சாதுவானது என்று எடுத்துக்கொள்வதும் பிழை. வேட்டையாடப்படும் இனமாகையால் குதிரை வலியைப் பெரும்பாலும் வெளிக்காட்டாது. காதுகள் பின்னோக்கி விறைத்திருப்பது, கண்ணுக்கு மேலே சுருக்கம் விழுவது, மூக்குத் துளைகள் இறுகுவது ஆகியவையே அதன் முறையீடு. அதற்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் பார்வை எட்டாத இடங்கள் உண்டு; செல்ஃபிக்காகப் பின்புறம் போய் நிற்பவர் உதை வாங்கினால் பழி மட்டும் குதிரையின் மேல் விழுகிறது.

ஏறிய பின் கடிவாள வாரைக் கைப்பிடி போல இழுத்துத் தொங்குவோர் பலர். கடிவாளத்தின் இரும்பு அமர்வது முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லே இல்லாத ஈறின் மேல். அங்கே எலும்பை மூடியிருப்பது மெல்லிய சதை மட்டுமே. விழுந்துவிடுவோம் என்ற அச்சம் வந்தால் சேணத்தின் முன்மேட்டையோ பிடரி மயிரையோ பிடித்துக்கொள்ளலாம். “வேகமா ஓட்டுங்கண்ணே” என்று குதிரைக்காரரை உசுப்புவதும் வேண்டாம். தார்ச் சாலையில் ஓடும்போது ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் கால் மூட்டுகளுக்குப் போகிறது. மழையிலும் பனிமூட்டத்திலும் நனைந்த தார் மேல் இரும்பு லாடம் வழுக்கும்.

அன்பினால் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. ஏரிக்கரையில் வாங்கிய சோளக்கதிர், ரொட்டி, சாக்லேட் என்று கையில் இருப்பதையெல்லாம் ஊட்டுவது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதன் இரைப்பை உடலளவுக்குச் சிறியது. ஒவ்வாதது உள்ளே போனால் வயிற்றுவலி உயிரையே பறித்துவிடலாம். உரிமையாளரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

பேரம் பேசுவதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. சவாரிக் கூலியில் ஐம்பது ரூபாய் குறைத்துவிட்டதாக மகிழ்பவர், அந்த ஐம்பது ரூபாயை ஈடுகட்ட அதே குதிரை இன்னொரு சுற்று போக வேண்டியிருக்கும் என்பதை எண்ணுவதில்லை. கொள்ளும் புல்லும் லாடமும் எல்லாம் அந்தக் கூலியிலிருந்துதான் வர வேண்டும். பேசிய தொகையை முழுதாகக் கொடுத்துவிட்டு, தண்ணீர் காட்டியாயிற்றா, எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று கேளுங்கள். நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் வரை நீர் தேவைப்படும் விலங்கு அது.

புண்ணோ நொண்டலோ கண்ணில் பட்டால், “இதற்குக் கால் வலிக்கிறது போலிருக்கிறது, வேறு குதிரை இருந்தால் வருகிறோம்” என்று காரணத்தைச் சொல்லி மறுப்பது, பேசாமல் நகர்ந்துவிடுவதைவிடப் பயன் தரும். சவாரி ஏன் போயிற்று என்பது உரிமையாளருக்கு அப்போதுதான் தெரியும். காயமுற்ற விலங்கிடம் வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும். நிலைமை மோசமாக இருந்தால் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கோ, கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 என்ற எண்ணுக்கோ தெரிவிக்கலாம். இடத்தையும் குதிரையின் நிறத்தையும் அடையாளமாகச் சொன்னால் தேடி வருபவர்களுக்கு எளிது.